மூன்று கால் பூனை

எங்கள் வண்டியில் தொட்டிகள் மூன்று.
நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவியதற்கு ஒன்று,
மற்றதற்கு ஒன்று.
நாலாவது ஆர்விட்டின் வயிறு.
முகாமில் பக்கத்து வண்டிக்காரர்களிடம் இதை அவனே சொல்வான்,
சிரிக்கலாமா கூடாதா என்று அவர்கள் விழிக்கும்வரை
முகத்தை அசைக்காமல்.

பிஸ்மார்க்கில் தானியக் கிடங்கில்
முப்பத்தொன்பது வருடம் எடை போட்டவன்.
ஓய்வுபெற்ற ஏழாம் மாதம் சிறுநீரகங்கள் நின்றன.
"அதுகளும் பென்ஷன் கேட்குது, லவோன்" என்றான்.
என் கண்கள் அதற்கும் முன்னால்.
எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் கட்டைவிரல்.
ஆட்களின் காதுகள் தெரியும். மூக்கு தெரியாது.

மகள் டார்லா கேட்டாள்: இந்த நிலையில் எதற்கு ஊர் சுற்றல்?
இந்த நிலை இல்லாதபோது
வேலை இருந்ததே, கண்ணே.

மருந்து நீர்ப் பெட்டிகள் எங்களுக்கு முன்பே
முகாம் அலுவலகங்களில் போய் இறங்கியிருக்கும்.
மின்கம்பம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவோம்.
இரவெல்லாம் அந்த இயந்திரம்
அவனுக்குள் ஊற்றும், காத்திருக்கும், வடிக்கும்.
நான் கால்மாட்டில் குழாயை மிதிக்காமல் நடக்கக் கற்றேன்.

காலையில் வடிந்த பையைச்
செய்தித்தாளின் மேல் வைக்கவேண்டும்.
எழுத்து தெரிந்தால் நல்லது.
மங்கினால் உள்ளே கிருமி, உடனே ஆஸ்பத்திரி.
எனக்குப் பை இல்லாமலே எழுத்து தெரியாது.
ஆகவே ஆர்விட் வாசிப்பான்,
தன் வயிற்றுத் தண்ணீர் வழியாக, சத்தமாக,
அந்தந்த ஊர்ச் செய்தியை:
நூலகக் கூரை ஒழுகல். பழைய டிராக்டர், விலை பேசலாம்.
ஷெரிடனில் ஒரு நாள்:
'காணவில்லை. மூன்று கால் பூனை. சாம்பல் நிறம்.
எர்னி என்று கூப்பிட்டால் வரும்.'
அன்று பொழுது சாயும்வரை
கண்ட வண்டிக்கடியில் எல்லாம் குனிந்து
எர்னி, எர்னி என்றோம்.
எழுந்து நிற்கத்தான் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டோம்.

பிறகு பேட்லேண்ட்ஸ். காற்று வண்டியைத்
தொட்டில்போல ஆட்டிய இரவுக்கு மறுநாள்
பை வடிந்தது. தாள் சரசரத்தது.
அவன் தொண்டையைச் செருமினான்.
"காணவில்லை" என்றான்.
"மூன்று கால் பூனை."

முந்நூறு மைல்.
மூன்று காலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே போய்ப் பந்தல் துணியைச் சுருட்டினேன்,
மின்கயிற்றைப் பிடுங்கினேன், சக்கரக் கட்டைகளை எடுத்தேன்.
இதற்கெல்லாம் கை போதும்.
"எங்கே?" என்றான் படியில் நின்று.
"எர்னியைப் பிடிக்க."
அவன் நெற்றியைத் தொட்டேன். அடுப்பு.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றான்.
இன்றும் அதற்காக அவன்மேல் கோபம் உண்டு.
ராப்பிட் சிட்டிவரை நாற்பத்தைந்தில் ஓட்டினான்,
வெள்ளைக்கோடு என் பக்கம் நெருங்கும்போதெல்லாம்
நான் கத்தினேன்.
பின்னால் அலமாரிக் கதவு திறந்து திறந்து அடித்தது.

தாதி பையைத் தூக்கிப் பிடித்தாள்.
"கஞ்சி மாதிரி இருக்கு" என்றாள்.
மடித்த மடிப்போடு தாளைக் கொடுத்தேன்.
அந்த இடத்தில் நிஜமாக என்ன போட்டிருக்கிறது?
"தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து.
ஞாயிறு, ஆறு முதல் பத்து வரை. எட்டு டாலர்."
இன்று திங்கள்.
ஆர்விட் கண்ணைத் திறக்காமல் சொன்னான்:
"நேற்றே சொல்லியிருக்கலாம் யாராவது."

மருந்தும் அதே குழாய் வழியாகத்தான். பதினான்கு நாள்.
வாகன நிறுத்தத்தில் இரவு தங்கக்கூடாது என்று
காவலாளி கதவைத் தட்டினான்,
உள்ளே அட்டைப்பெட்டிகளைப் பார்த்தான், போய்விட்டான்.

தளம் சரிவு. கட்டை வைக்க மனமில்லை.
இயந்திரம் இல்லாத இரவு காதை அடைத்தது.
படியில் உட்கார்ந்திருந்தேன்.
விளக்குக் கம்பத்தைத் தாண்டி
கண்ணோரத்தில் சாம்பலாக ஏதோ நொண்டியது.
கால்களை எண்ண நேராகப் பார்க்கவேண்டும்,
நேராகப் பார்த்தால் எனக்கு எதுவும் இருக்காது.
தலையைத் திருப்பவில்லை.
மெதுவாகப் பெயரை மட்டும் சொன்னேன்.