ஏற்கத்தக்க விலகல்

பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை.
நூறில் இரண்டு பங்கு கூடலாம்,
அதற்கு மேல் விலகினால் சிவப்புத் தொட்டி.
கேஜின் பச்சை முனை நுழைய வேண்டும்,
சிவப்பு முனை நுழையக் கூடாது.
அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடமாக
எனக்குத் தெரிந்த அறம் இவ்வளவுதான்.

மார்ச்சில் ஆர்டர் பாதியானது.
செய்திகளில் அதற்குப் பெரிய பெயர் வைத்திருந்தார்கள்.
எங்களிடம் அது முதலில் பிஸ்கட்டாக வந்தது,
அதாவது, பிஸ்கட் வராமல்.
மூன்றரை மணி டீ மட்டும் தனியே வந்து நின்றது,
துணைக்கு வந்தவனைத் தொலைத்துவிட்ட மாதிரி.

பிறகு கையுறை.
வாரத்துக்கு ஒரு ஜோடி, மாதத்துக்கு ஒரு ஜோடி ஆனது.
நவமணி உள்ளே வெளியே திருப்பிப் போட்டாள்,
பிறகு வலதில் கிழிந்ததும்
இடதை வலதுக்கு மாட்டினாள்.
கட்டைவிரல் எங்கே போவதென்று தெரியாமல்
சுண்டுவிரல் வீட்டில் குடியிருந்தது.

கூலண்ட் மாற்றவில்லை.
பட்டரவாக்கத்தில் ரயிலேறி உட்கார்ந்தால்
பக்கத்தில் இருப்பவள்
ஜன்னல் காற்று வேண்டும்போல எழுந்து போனாள்.

மூன்று ஷிப்ட் இரண்டானது. எட்டு மணி பன்னிரண்டானது.
ஓவர்டைம் என்ற சொல்லை மட்டும்
வேலையைவிட்டுத் தூக்கினார்கள்.
"ஒருத்தரையும் அனுப்ப மாட்டோம்" என்றார் மேனேஜர்.
கை தட்டினோம்.
நானும் தட்டினேன், அதை ஏன் மறைக்க.

ஒரு வியாழக்கிழமை
கேன்டீனை ஒட்டிய அறைக்கு ஒவ்வொருவராக.
மேஜைமேல் இரண்டு தாள்.
முதல் தாளில்
சொந்தக் காரணங்களுக்காக நான் விலகுகிறேன்.
இரண்டாம் தாளில், அதே தேதியில்,
பெயர் கேள்விப்படாத ஓர் ஏஜென்சி
என்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது.
இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி.
பதினோரு வருடம் அதற்குள் விழுந்தது.
சத்தம் ஏதும் கேட்கவில்லை.

"என் சொந்தக் காரணம் என்னன்னு
கொஞ்சம் சொல்லுங்களேன் சார்,
வீட்ல கேப்பாங்க"
என்றார் கோமதிநாயகம்.
எச்.ஆர். பையன் நிமிர்ந்து பார்த்தான்.
அவன் கழுத்து நாடாவும்
அன்று காலைதான் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியிருந்தது.

பதினோராவது மணி நேரத்தில்
எல்லாத் துளையும் ஒன்றுபோலத் தெரியும்.
சிவப்புத் தொட்டி நிரம்பி வழிந்தபோது
பக்கத்தில் ஒரு மஞ்சள் தொட்டி வைத்தார்கள்.
அதன்மேல் என் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார்கள்:
ஏற்கத்தக்க விலகல்.
இப்போதெல்லாம் பாடி மேம்பாலத்தில்
ஏதாவது வண்டி கிறீச்சிட்டு நின்றால்
திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.
நின்றுவிட்டதா என்று.

பிப்ரவரியில் ஆர்டர் திரும்பியது.
லட்டு கொடுத்தார்கள்.
பிஸ்கட்டும் திரும்பியது, இரண்டாக இருந்தது ஒன்றாக.
பன்னிரண்டு மணி பன்னிரண்டாகவே நின்றது.
ஆரஞ்சு நாடாவில் வேர்வை படிந்து
யாருடையது எது என்று எங்களுக்கே அடையாளம் வந்துவிட்டது.

கேஜும் தேயும், இரும்புதானே.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கிண்டிக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்.
தேய்ந்த பச்சை முனை
சுருங்கிப்போன துளையிலும் தடையில்லாமல் போய்வரும்,
சரி என்றே சொல்லும்.
செலவைக் குறைத்ததில் முதலில் குறைத்தது இதைத்தான்.
இன்னும் அனுப்பவில்லை.

நேற்று புதிதாகச் சேர்ந்தாள் சுகிர்தா,
பாலிடெக்னிக் முடித்தவள், ஆறு மாதக் கான்ட்ராக்ட்.
கையுறையை எடைபோடுவதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டு
"வேலை எப்படிக்கா இங்க?" என்றாள்.

கையில் ஒரு புஷ் இருந்தது. நுழைத்துப் பார்த்தேன்.
"பரவாயில்லம்மா" என்றேன்.
வழுக்கிக்கொண்டு போனது.