ஒன்றுவிட்ட மரங்கள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே,
வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு நாலு கம்பம் முன்னால்
நானும் கமர்பானுவும் நடத்தும் நாற்றுப்பண்ணை.
பின்வேலியில் இரண்டு பொந்தன்புளி.

ஒன்றின் விதை
ஒலவக்கோடு ரயில்வே காலனியில் பொறுக்கியது,
எந்தக் காலத்திலோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்தடியில்.
மற்றது, கப்பலில் வெல்டராய் இருந்த அவள் தம்பி
மடகாஸ்கரில் வாங்கி
சோப்பு டப்பாவில் கொண்டுவந்தது.
'ஆ' என்றும் 'ம' என்றும் தகரத்தில் எழுதிக் கட்டினோம்.
முதல் மழை எழுத்தைத் தின்றது.

பிறகு பதினேழு வருடம்
எது எதுவென்று தெரியாது.

இலை எண்ணினோம். கீழே ஐந்தைந்து,
மேல்கொம்பில் ஏழேழு.
நகத்தால் கீறினால் இரண்டிலும் பச்சை.
வெயில் ஏறினால் இரண்டும் மொட்டை.
கணக்கெடுக்க வந்த விவசாய ஆபீசர்
"ரெண்டும் ஒண்ணுதானே" என்று டீ குடித்துப் போனார்.
கமர்பானுவுக்குப் பொறுக்கவில்லை. நாடா பிடித்தாள்.
ஒன்றுக்கு இடுப்பு பெருத்திருந்தது,
மற்றது குழாய்போல் நெடுநெடுவென்று.
ஆனால் கோழி எருவை நாங்கள்
ஒரு பக்கமாகத்தான் கொட்டிவந்தோம்.

இந்த ஆனியில் இரண்டிலும் மொட்டு.
ஒன்று முழநீளக் காம்பை இறக்கி
குண்டு பல்பாய்த் தொங்கியது.
மற்றது வெண்டைக்காய் மாதிரி நிமிர்ந்து பிடித்தது.
"அப்ப குனிஞ்சதுதான் ரயில்வே" என்றாள்.

ராத்திரி விழித்திருந்தோம்.
குனிந்தது வெள்ளையாய் விரிந்தது, புளித்த வாடை.
தமிழ்நாட்டுத் தோப்பிலிருந்து வௌவால் வந்தது,
சாவடியில் நிற்காமல்.
நிமிர்ந்தது உரிந்து சுருண்டது, உள்மடிப்பு சிவப்பு.
அதற்கு நீள நாக்கு விட்டில் வரவேண்டும்.
டார்ச்சை அணைத்துக் காத்திருந்தோம்.
கொசு வந்தது.

கமர்பானு ஏணி போட்டாள்.
வாட்டர் கலர் பிரஷால் இதன் மகரந்தத்தை
அதன் மேல் தடவினாள்.
ஒட்டாது, ஒன்றின் ஜாதகக் கட்டம்
மற்றதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு என்றேன்,
எங்கோ படித்ததை வைத்து.
"பொருத்தம் பாத்திருந்தா
நாம ரெண்டு பேரும் கடை போட்டிருப்பமா?"

விடிந்தபோது எல்லாம் தரையில்.
வெள்ளையும் பழுப்பு, சிவப்பும் பழுப்பு.
எந்த மரத்தடியில் கிடக்கிறது என்பதுதான்
மிச்சமிருந்த அடையாளம்.

"பத்து மணிக்குக் கணவாய்க் காத்து எறங்கும்,
அதுக்குள்ள எண்ணிரு" என்று
என் கையில் தகரத்தையும் ஆணியையும் திணித்துவிட்டு
கடை திறக்கப் போனாள்.