ஒன்றரை மீட்டர்

பகலில் நான் ஆகாயத்துக்கு விலை போடுகிறேன்.
வேடிக்கையில்லை, சம்பளம் வாங்குகிற வேலை.
மூன்று மாடி இருந்த இடத்தில் பதினெட்டு கேட்டால்
கூடுதல் பதினைந்தும் காற்றில்தானே நிற்கப்போகிறது.
அந்தக் காற்றைச் சதுர மீட்டராக அறுத்து
வட்டார விகிதத்தால் பெருக்கி
மேம்பாட்டுக் கட்டணம் என்று கடிதம் அடிப்பேன்.
காசு வரை சரியாக வரும்.
மேலாளர் மிஸ்டர் யியோ தசமப் புள்ளிக்குக் கீழே
பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

கட்டடம் கட்டுகிறவர் கட்டணமும் கட்டிவிடுவார்;
தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை.
பணம் போய்ச் சேரும் பெட்டி பெரியது,
எந்த நாணயம் எந்தத் தெருவுக்கு என்று
அதன்மேல் எழுதியிருக்காது.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பது நான்.
ஆறு எங்கே போகிறதென்று என்னைக் கேட்காதீர்கள்.

சாயங்காலம் புக்கிட் பாத்தோக்கில்
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
பிளாஸ்டிக் நாற்காலி முப்பது, வந்தவர் இருபத்திரண்டு.
மைக்கில் முதலில் பேசியது விசில்.
வட்டாரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள்,
எல்லாவற்றுக்கும் போதாது, ஒன்றுக்குப் போதும்:
உடற்பயிற்சி மூலையா, பிள்ளைகளுக்குச் சறுக்கு மரமா,
பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூரையா.
படத்தில் மரங்கள் இப்போதே பெரிதாக இருந்தன;
நடக்கிற மனிதர் யாருக்கும் நிழல் இல்லை.

ஆறாம் மாடி திருமதி கோ எழுந்தார்.
"சறுக்கு மரம் என் ஜன்னலுக்குக் கீழே என்றால் வேண்டாம்,
மகனுக்கு ராத்திரி வேலை."
ஹம்சா சக்கர நாற்காலியை அரையடி முன்னால் தள்ளி
"அறுபத்து நான்கு மீட்டர்" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
சக்கரம் சுற்றிய கணக்கை வைத்து அளந்திருக்கிறார்.
எட்டாம் மாடி தயாபரன்
பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறியது என்று ஆரம்பித்து
நகர மன்றத்துப் பெண்ணைப் பத்து நிமிடம் நிற்கவைத்தார்.
அவள் குறித்துக்கொண்டே இருந்தாள்.
எட்டிப் பார்த்தேன்:
தேதியின்மேலேயே திரும்பத் திரும்ப எழுதித்
தடிப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

கூரை வென்றது, மூன்று கை வித்தியாசத்தில்.
ஒன்று என்னுடையது.
பிறகு குத்தகை, மண் சோதனை, அடியில் ஓடும் கேபிள்,
கேபிளுக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு பதில்.
இருபது மாதத்தில் வந்தது:
பச்சைத் தூண், வெள்ளை விளிம்பு,
தண்ணீர் வழியக் குழாய், எல்லாம் நேர்த்தி.

நிறுத்தத்தைத் தொட ஒன்றரை மீட்டர் இருக்கையில்
நின்றுவிட்டது.

அதுவரை நகர மன்றத்து நிலம்.
அந்தப் பக்கம் சாலைக்காரர்கள் நிலம்,
நிறுத்தத்தின் கூரை அவர்களுடையது,
வேறு கணக்கு, வேறு பெட்டி.
நடுவில் கொஞ்சம் புல்லும் ஒரு சாக்கடை மூடியும்.

டிசம்பர் மழை
கூரை இருக்கிற இடத்தில் சத்தமாகவும்
இல்லாத இடத்தில் நேராகவும் பெய்கிறது.
அலுவலகச் சட்டைக்காரர்கள் பையைத் தலையில் வைத்து
ஒரே தாவாகத் தாவுகிறார்கள்.
பள்ளிப் பையன்கள் வேண்டுமென்றே மெதுவாக.
ஹம்சாவால் தாவ முடியாது.
மடியில் குப்பைப் பை ஒன்றை விரித்துக்கொள்கிறார்,
இரண்டு தள்ளு,
முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம்.
"இங்கேயும் இஆர்பி வைத்துவிட்டார்கள், பார்த்தாயா"
என்று சிரிக்கிறார்.
நான் சிரிக்கவில்லை. குடை என் கையில் இருந்தது,
நீட்டத் தோன்றியபோது அவர் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்.

மறுநாள் மேசையில் புதிய கோப்பு.
இருபத்திரண்டு மாடி.
விகிதப் பட்டியலைத் திறந்தேன்.
பெருக்குவதற்கு முன் ஓரத்தில் சின்னதாக,
பென்சிலால்,
ஒன்றரைப் பெருக்கல் இரண்டு, மூன்று சதுர மீட்டர்.
அந்த மூன்றுக்கு மேலே இருக்கிற வானத்துக்கு
எந்தப் பட்டியலிலும் விகிதம் இல்லை.

மிஸ்டர் யியோ குனிந்து பார்த்தார்.
"இது என்ன?"
மழை, என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"தசமம் எங்கே?"

புள்ளி வைத்து
இரண்டு பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன்.