ஒன்பதாவது பாட்டுக்கு முன்னால்

பம்பலப்பிட்டியில் ஒரு டயர்க்கடைக்கு மேலே
முட்டைத் தட்டுகள் ஒட்டிய அறைக்குள்
ரொமோலா காசிச்செட்டியின் குரலை
மூன்று கிழமையாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையில் அவ பெயர் ரோமி கேசி.
மிச்ச எழுத்துகளை
ஐம்பத்தெட்டில் ஒரு ஹோட்டல் மனேஜர்
பலகையில் இடமில்லையென்று வெட்டினாராம்.
பலகை பெரிசாகத்தான் இருந்தது
என்றும் சொல்கிறா.

இருபது பாட்டு. ஒரே இசைத்தட்டு.
கோட்டை, கொள்ளுப்பிட்டி, கல்கிசை,
கடலுப்புப் பூத்த ஒலிநாடாக்கள்.
ஒன்று ஒட்டிப்போய்ச் சுழலவே மறுத்தது.
தங்கச்சி கேக் சுடும் போறணையில்
இளஞ்சூட்டில் எட்டு மணித்தியாலம் வைத்தெடுத்தேன்.
இப்போது வனிலா மணக்கச் சுழல்கிறது.

ஜாஸ் எனக்கு இன்னும் பிடிபடாது.
நேரே போகவேண்டிய சொல்லை
அவ சந்திக்குச் சந்தி நிறுத்தி,
யாரையோ சுகம் விசாரித்து,
பஸ் நகர்ந்த பிறகு
ஒற்றைக் காலில் தாளத்தில் ஏறுகிறா.
ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பாட்டுகளுக்கு நடுவே பகிடி.
ஒரு மந்திரியைப் போல இருமுகிறா,
கப்பல் கப்டனின் பெண்சாதியைப் போலத் தும்முகிறா.
கண்ணாடிக் கிளாஸ்கள் சிரிக்கின்றன.
பின்மேசையில் ஒருவன்
இரண்டாம் தரமும் மீன் கட்லட் கேட்கிறான்,
யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் வெட்டும் தம்பி,"
கொட்டாஞ்சேனையிலிருந்து போனில் அவ.
"பாட்டு மட்டும் போதும்.
இருமலுக்கு ஆர் காசு தருவான்?"
அட்டைக்கு அறுபத்தாறாம் ஆண்டுப் படம்தான் வேணுமாம்:
உயரத் தொப்பி, கையில் பிரம்பு,
கதிரையின் மேல் ஒற்றைக் கால்.
இப்போதைய முகத்தைப் போட்டால் வழக்கு.

வெட்டினேன்.
ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால்
வாத்தியங்கள் மூச்செடுக்கிற இடுக்கில்
அடித்தொண்டையில் ஒரு குரல்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

ஆங்கிலப் பாட்டுக்கு,
வெள்ளை மேசைவிரிப்புகளுக்கு நடுவே,
நல்ல யாழ்ப்பாணத்து நாலு.

அவவின் கீழ்க்குரல் என்று நினைத்துப்
புளகித்துப் போனேன்.
அட்டையின் பின்பக்கத்துக்கு
"வேர்களை மறவாத" என்று தொடங்கி
அரைப் பக்கம் எழுதியும் வைத்தேன்.

வாசித்துக் காட்டினேன்.
சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிற்று அவவுக்கு.
"அது நானில்லை ஐசே, தில்லையம்பலம்.
டிரம்ஸ்.
மனசுக்குள்ள எண்ணும் எண்டு நூறு தரம் சொன்னன்.
மனுசனுக்கு மனசுக்குள்ள எண்ண வராது."

இப்ப எங்கே என்று கேட்டேன்.

"கப்பலில போனவர்.
சிம்பல் ரெண்டும் என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கு."

எந்த ஆண்டுக் கப்பல் என்று கேட்கவில்லை.
எண்பத்துமூன்றில் எனக்கு இரண்டு வயது,
நானும் அதில்தான் போனதாக வீட்டில் சொல்வார்கள்.

அறைக்குத் திரும்பிப்
பதின்மூன்றாம் பாட்டிலிருந்து மறுபடி கேட்டேன்.
எண்ணிக்கை இல்லை.
புதிய டிரம்ஸ்காரன் சுத்தமானவன்,
மனசுக்குள்ளேயே எண்ணுகிறான்.
ஆனால் அவ ஒரு நூலிடை பிந்தித் தொடங்குகிறா.
பதின்மூன்று, பதினாலு, இருபது வரைக்கும்.
திரையில் அளந்து பார்த்தேன்,
கால் செக்கன்.
அந்தக் கால் செக்கனைத்தான் அன்றைய பத்திரிகைக்காரர்
முதிர்ந்த பாணி என்று புகழ்ந்திருக்கிறார்கள்.

ஒன்பதாவது பாட்டில் மட்டும்
வெட்டியதை எடுத்து மறுபடி ஒட்டினேன்.
சொல்லாமல் அனுப்பினேன்.

இரண்டு நாள் போன் இல்லை.
மூன்றாம் நாள், விடிய ஆறு மணிக்கு:

"ஒன்பதில ஒரு சத்தம் கிடக்கு."
"ஓம்."
அவவின் பக்கத்தில் கோயில் மணி அடித்து முடியும்வரை
இருவரும் கதைக்கவில்லை.
"அவற்ற பெயரை முழுசாப் போடும்.
இடமில்லை எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதையும்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தொப்பிக்கு மேலே இடமில்லை.
பிரம்பின் நுனிக்குக் கீழே
கொஞ்சம் இருந்தது.