விளம்பரப் பலகை எண் பத்தொன்பது

ஹோலப் ஏரியிலிருந்து வந்த கடிதத்தை
முதலில் புகார்க் கட்டில்தான் சொருகினேன்.
நீல மை. ஓரத்தில் காபிக் கறை.
வில்மா கூச்செரா, பூங்காக் காவலர்,
பருவகாலப் பணி, மணிக்கூலி.

"திரு. ஸ்ட்ராக் அவர்களுக்கு,
நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு பலகை நிற்கிறது.
என் ஏரி, என் மரப்பாலம், விடிகாலைக் கொக்குகள்,
'நெப்ராஸ்காவுக்கு வாருங்கள்' என்று எழுத்து.
இடது மூலையில் தெரியும் சிவப்புப் புள்ளி
என் வாளி.
வருகிறார்கள், ஐயா.
ஓமஹாவிலிருந்து, டென்வரிலிருந்து,
கழுத்தில் தொலைநோக்கியோடு.
இறங்கியதும் முதலில் கேட்பது
கொக்கு எங்கே என்றல்ல."

கழிப்பறைக் குழி நிறைந்து ஏழு வாரம்.
உறிஞ்சும் லாரிக்கு அறுநூற்று நாற்பது டாலர்.
பூங்காவின் கணக்கில் இருந்தது
பதினொன்றும் சில்லறையும்.

சட்டம் இப்படி:
விடுதி அறைக்கு வருகிறவர் கட்டும் வரியில்
ஒரு பங்கு, சுற்றுலாப் பயணிகளை அழைக்க.
அழைக்க மட்டும்.
வந்தவர் எங்கே ஒதுங்குவார் என்பது
வேறு துறை, வேறு தலைப்பு,
சென்ற கூட்டத்தொடரில் பாதியாய் நறுக்கிய தலைப்பு.
நறுக்கியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன்.
இரவு பதினொன்றேகால் வரை உட்கார்ந்திருந்தோம்.
செவிலியர் சம்பளம் ஒரு பக்கம்,
வெள்ளம் கொண்டுபோன பாலங்கள் ஒரு பக்கம்.
ஏரிக்காகப் பேச யாரும் வந்திருக்கவில்லை.
வரிசை 417-ஐ நான்தான் தட்டச்சு செய்தேன்.
எண்ணைக் குறைத்தபோது
விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் இருந்தது:

"ஒரு யோசனை. கழிப்பறையின் தெற்குச் சுவர்
சாலையைப் பார்த்து நிற்கிறது, எட்டடிக்குப் பன்னிரண்டு.
அதில் உங்கள் சின்னத்தை நானே வரைகிறேன்.
பெயின்ட் என் செலவு.
வரைந்தபின் அது கழிப்பறையா, பலகையா?
பலகை என்றால்
பலகையைப் பராமரிப்பது யார் கணக்கு?"

சிரித்தேன்.
பிறகு எழுந்துபோய்ச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன்.
பிரிவு பன்னிரண்டு, உட்பிரிவு இ:
வெளிப்புற விளம்பரம் என்பது
திறந்தவெளியில் நிலையாய் நிற்கும் எந்தக் கட்டுமானமும்.
எந்தக் கட்டுமானமும்!
எவரோ தூக்கக் கலக்கத்தில் எழுதிய வாசகம்.
அவர் நன்றாக இருக்கட்டும்.

பலகை எண் பத்தொன்பது. இடம், ஹோலப் ஏரி.
பராமரிப்பு, ஆண்டுக்கு நான்கு முறை.
மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்,
எதைப் பராமரிக்க என்று கேட்காமல்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் கடைசியில் போனேன்.
இருபத்திரண்டு வருடம் அந்த வரிசையைத் தட்டியவன்
ஏரியைப் பார்த்ததில்லை.
நான்கரை மணி நேரம், முழுக்க எதிர்க்காற்று.
கடைசி முப்பது மைலில் வானொலிகூட விட்டுப்போனது.

இரும்புப் பெட்டியில் உறை போட்டேன், ஆறு டாலர்.
கார் எண் எழுதினேன்; பெயர் எழுதவில்லை.
தெற்குச் சுவரில் மாநிலச் சின்னம்
லேசாய்ச் சாய்ந்திருந்தது.
கொக்குக்கு முழங்கால் ஒன்று கூடுதல்.
உயரமான பெண்மணி சிவப்பு வாளியோடு வெளியே வந்தார்.
"உள்ளே ஈரம், வழுக்கும்" என்றார்.
பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அப்புறம் அவை எழுந்தன.
வானம் முழுக்க
எண்ணெய் காணாத கதவுக் கீல்களின் சத்தம்.
எண்ணுவது என் தொழில்.
எண்ணவில்லை.

ஆண்டறிக்கையில் நிரப்பியாக வேண்டிய கட்டம்:
பலகையைப் பார்த்தவர் எத்தனை பேர்?
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
வில்மா உறைகளைப் பிரித்து எண்ணி அனுப்பிய கணக்கு.
பார்த்தபின் செயலில் இறங்கியவர்கள்?
கொஞ்சம் யோசித்து
நூறு சதவீதம் என்று போட்டேன்.

ஜனவரியில் உட்பிரிவு இ திருத்தத்துக்கு வருகிறதாம்.
வரைவைத் தட்டச்சு செய்யப்போவது நான்தான்.
இப்போதைக்கு அது
என் காபிக் கோப்பைக்கு அடியில் இருக்கிறது.