வலது ஆல்ட்

நரினில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும்.
கிர்கிஸ்தானத்துக் குளிர், வெளியே இருபத்தைந்துக்குக் கீழே.
பள்ளிக்கூடத்தின் மூன்றாம் அறையில்
எட்டுக் கணினிகள்; ஆறுதான் உயிரோடு.
பிள்ளைகளின் நாற்காலியில் பெரியவர்கள்
முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்,
கோட்டைக் கழற்றாமல்.

சைக்கால் பகலில் குடிநீர் அலுவலகத்தில் பில் போடுகிறவள்.
கரும்பலகையில் எதையும் வரையவில்லை.
"இதற்கு ஒன்றும் தெரியாது," என்றாள்,
"சொன்னதை மறக்கவும் தெரியாது.
அதனால் கொஞ்சம் பயப்படலாம்.
நிறைய வேண்டாம்."

துருசுபெக் லாரி ஓட்டுகிறவர்.
பனி மூடிய கணவாயில்
பதினெட்டுச் சக்கரத்தைத் திருப்பிய கை
மவுஸைப் பிடித்ததும் வியர்த்தது.
அம்பு இன்னும் மேலே போகவேண்டும்.
மேசை முடிந்துவிட்டது.
தள்ளினார், பக்கத்துக்காரியின் தேநீர்க் கோப்பை வரைக்கும்.
"தூக்கித் திரும்ப நடுவில் வையுங்களேன்."
தூக்கினார். அம்பு நகரவில்லை.
வைத்தார். விட்ட இடத்திலேயே காத்திருந்தது.
இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று
இன்னும் நாலு தடவை
தூக்கி வைத்துப் பார்த்தார்.

கடைசி வரிசையில் உமுதாய்.

அவள் பெயரைத் தமிழில் எழுதினாலே பிழை.
உ சொல்வதற்கு உதட்டைக் குவியுங்கள்;
குவித்தபடியே உள்ளே நாக்கால் இ சொல்லுங்கள்.
வந்ததா?
அந்த ஒலி அவள் பெயரில் இரண்டு தடவை.
நம்மிடம் அதற்கு எழுத்து கிடையாது.
அவர்களிடம் உண்டு.
மருத்துவமனை எழுத்தர்தான்
ஏழு வருடத்துக்கு முன் ஒரு நெரிசலான காலையில்
வெறும் உகரத்தைத் தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஊரில் இரண்டு உமுதாய்கள்.
ஒருத்திக்கு வீடு, மின் இணைப்பு,
வாக்கு, வங்கிக் கணக்கு.
இன்னொருத்திக்குச் சர்க்கரை நோய்.
மருந்துக்கான உதவித்தொகை நோயாளிக்கு;
நோயாளிக்கோ வங்கிக் கணக்கு இல்லை.
ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று
"நான்தான் அவள்" என்றாள்.
"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலையே" என்றார்கள்.
சரி, அப்படிச் சொல்லாத ஆள் யார் என்று
நேரிலேயே பார்த்துவிடலாம் என்றுதான்
இந்த வகுப்புக்கு வந்தாள்.

விசைப்பலகையில் தேடினாள்,
அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போல
ஒவ்வொன்றாக, விரலால் தொட்டுத் தொட்டு.
"என் எழுத்து இதில் இல்லை."

சைக்கால் வந்து குனிந்தாள்.
உமுதாயின் வலது கட்டைவிரலை எடுத்து
நீளக்கட்டையை அடுத்த விசைமேல் வைத்தாள்.
"அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிடாதீர்கள்.
இப்போது இடது கையால் அந்த உகரத்தை."

வந்தது.
அதே உகரத்தின் அடியிலேயே
இத்தனை நாளும் குடியிருந்திருக்கிறது.
இரண்டு கையும் சேர்ந்து கேட்டால்தான் கதவு திறக்கும்.

தன் பெயரை அடித்தாள்.
கீழே இறங்கி மறுபடி அடித்தாள்.
பதினோராவது வரியில் மின்சாரம் போயிற்று.

இருட்டில் யாரோ இருமினார்கள்.
"எழுதினதெல்லாம் எங்கே போச்சு?"
"நீங்கள் சேமிக்கவில்லை.
அது அடுத்த வாரப் பாடம்."
"முதல் வாரமே நடத்தவேண்டிய பாடம்" என்றது
துருசுபெக்கின் குரல்.

வியாழக்கிழமை மருத்துவமனையில்
நாற்பத்திரண்டாம் எண் சீட்டு.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதே எழுத்தர்;
தலையில் முடி குறைந்திருந்தது.
திருத்தம் செய்ய விண்ணப்பம் வேண்டும்,
தலைமை மருத்துவர் கையொப்பம் வேண்டும்,
அவர் பிஷ்கெக் போயிருக்கிறார், என்று
பழகிய வரிசையில் சொல்லிக்கொண்டே போய்,
சற்றுக் குரலைத் தாழ்த்தி,
"தவிர, அந்த எழுத்து இந்த மெஷினில் இல்லையம்மா" என்றார்.

உமுதாய் கையுறையைக் கழற்றினாள்.
கண்ணாடியின் அடியில் இருந்த சந்துக்குள்
கையை முழங்கை வரை நுழைத்து
ஒரு விசையைக் காட்டினாள்.

"எது?" என்று குனிந்தார் அவர்.