ரிலீஸ்: முந்நூற்று நாற்பது

காலை ஆறு மணிக்கு
அளவுக்கல்லில் முடிகொண்டானைப் படித்துவிட்டு
லஸ்கர் சவரிமுத்து போன் அடிப்பார்.
நான் பேரேட்டில் எழுதுவேன்:
ரிலீஸ், முந்நூற்று நாற்பது.
ஆறு என்று எழுதுவதில்லை,
தண்ணீர் என்றும் எழுதுவதில்லை.
பதினோரு வருஷமாக
அந்த ஒரு வினையை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அதற்குத் தமிழ் கேட்டு
மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.
'விடுவிப்பு' என்று எழுதி அனுப்பினேன்.
சவரிமுத்து சிரித்தார்:
"வுடுறதும்மா. தண்ணி வுடுறது.
அவ்வளவுதான்."

அவ்வளவுதானா.

தீபாவளிக்கு நன்னிலத்தில் படம் ரிலீஸ் என்றால்
அங்கே யாரும் எதையும் விடுவதில்லை,
வரிசையைக்கூட.
சங்கத்தில் அடகு வைத்த வளையலுக்கு
ரசீதில் 'ரிலீஸ்' என்று முத்திரை குத்தினார்கள்.
மீட்டது நான். விட்டது அவர்களாம்.
கிளட்சை மெதுவா ரிலீஸ் பண்ணு என்றார்
வண்டி பழக்கிய என் வீட்டுக்காரர்.
ஒரேயடியாக விட்டேன்.
நட்டு மூன்று நாளான வயலில்
முன்சக்கரம் கிடந்தது.

தமிழ் இன்னும் மோசம்.
மழை விட்டது என்றால் நின்றது.
நாற்று வேர் விட்டது என்றால் பிடித்தது.
ஒரே சொல்.

போன வியாழன் தம்பி ரத்தினசபாபதி வந்தான்,
கூடவே பத்திர எழுத்தர் சிங்காரவேலு.
பிளாஸ்டிக் உறையில் நாலு தாள்.
மேலே தடித்த எழுத்தில்: விடுதலைப் பத்திரம்.
அதன் கீழே ஆங்கிலத்தில்
நான் தினம் எழுதுகிற அதே சொல்.

அப்பாவின் ஒன்பது மா நிலத்தில்
எனக்குள்ள மூன்றில் ஒரு பங்குப் பாத்தியத்தை
எவருடைய தூண்டுதலும் இன்றி
மனப்பூர்வமாக விடுதலை செய்து...
வாசித்தேன்.
தூண்டுதல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
டீ குடித்துக்கொண்டிருந்தது.

"விட்டுக் கொடுக்கா" என்றான்.
மாயவரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு
இதே சொல், இதே குரல்.
அப்போது விட்டேன்.

நான் எப்போது அந்த நிலத்தைப் பிடித்து வைத்திருந்தேன்,
விடுதலை செய்ய?
மோட்டார் கொட்டகைச் சாவி அவனிடம்.
அறுவடைக் கணக்கு அவனிடம்.
எனக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை நெல்;
அதுவும் மூன்று வருஷமாக விட்டுப்போயிற்று.
இல்லாத பிடியை விடச் சொல்கிறது தாள்.

கடைமடைக்காரர்கள் ஒருமுறை
அலுவலக வாசலில் வந்து நின்றார்கள்.
பயிர் கருகுவது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.
அன்றும் சொன்னேன்:
உத்தரவு வராமல் ஷட்டரை ஒரு சுற்றுத் திருக முடியாது.
எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து,
எந்த வாய்க்காலுக்கு,
எல்லாம் எழுதினால்தான் விடலாம்.
அவர்கள் என்னைத் திட்டியது நியாயம்தான்.

இந்தத் தாளிலும் அளவு தேடினேன்.
பிரதிப்பிரயோஜனம்: அன்பும் பாசமும்.

"எத்தனை கன அடிடா?" என்றேன்.
தம்பி சிரிக்கவில்லை.
சிங்காரவேலு சிரித்துவிட்டார்.
சிரித்துவிட்டார்: அந்த 'விட்டார்' வேறு சாதி.
நடந்தது, இனித் திரும்பாது
என்று சொல்ல மட்டும் வருவது.
கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பதிலும்
அதுதான் வந்து நிற்கும்.

போன் அடித்தது.
"மேல வுட்டது கொறஞ்சிருக்கும்மா.
முந்நூத்திப் பத்துன்னு போட்டுக்க."
பேனா ஏற்கெனவே கையில் இருந்தது.
பேரேட்டில் எழுதினேன்.
மூடி போட்டேன்.

அவன் வாசலில் செருப்புத் தேடும் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது.

சிங்காரவேலு தாள்களை
மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்,
மறந்தா, வேண்டுமென்றா, தெரியவில்லை.
மின்விசிறியில் படபடக்கின்றன.
பறக்காமலிருக்க
மேலே ஷட்டர் திருகும் கைப்பிடியை வைத்திருக்கிறேன்,
கிரீஸ் படிந்த இரும்பு,
முதல் பக்கத்தில் கறை ஊறுகிறது.